பிஸ்கோத்து பிழையான சொல்லா?

(சென்ற இதழில் 'பன்' என்ற சொல்லைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிஸ்கட்டைப் பற்றியவை. ஆகவே இம்முறை கேள்வி-பதில் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.)

என் மாமியார் எப்போதும் 'பிஸ்கோத்து' என்றுதான் சொல்வார். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் என் மகன் ஒவ்வொரு முறையும் "பாட்டி, அது பிஸ்கட்" என்று திருத்துகிறான். இப்போதெல்லாம் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே கூச்சப்படுகிறார். பிஸ்கோத்து என்பது பிஸ்கட்டின் கொச்சைதானா?
- வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்கள் மாமியாரிடம் கூச்சமின்றிச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் பிஸ்கட்டைச் சிதைத்ததால் பிறந்த சொல் அன்று பிஸ்கோத்து. இரண்டும் வெவ்வேறு கப்பல்களில் வந்து நம் கரையில் இறங்கிய சொற்கள் என்பதும், அவற்றுள் உங்கள் மாமியாரின் சொல்லே முன்னால் வந்தது என்பதும் என் உறுதியான எண்ணம்.

1639இல் ஆங்கிலேயர் மதராசில் இடம் பெறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக்கும் இலங்கைக்கும் வந்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் இந்தத் தின்பண்டத்தின் பெயர் ஏறத்தாழ 'பிஷ்கோய்த்து' என்று ஒலிக்கும். இலங்கைத் தமிழர் இன்றும் 'விசுக்கோத்து' என்கிறார்கள். சிங்களவர் 'விஸ்கோத்து' என்கிறார்கள். 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்த யாழ்ப்பாணத்தில் இந்த வடிவம் நிலைத்திருப்பதும், அதே போர்த்துக்கீசியர் பல காலம் செல்வாக்குடன் இருந்த நம் தென்கரை வீடுகளில் அதன் உடன்பிறப்பு வழங்குவதும் தற்செயலாக நடந்திருக்க முடியாது.

சொல்லுக்குள்ளேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஆங்கிலேயர் இதை 'பிஸ்கிட்' என்று குறுக்கி ஒலிப்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பச் சொல்பவர் வாயில் 'கோ' என்ற நெடில் வருவதற்கு வழியே இல்லை. இரண்டாவது சாட்சி கடைசியில் நிற்கும் 'த்து'. போர்த்துக்கீசியர் இந்த ஒலியை நாக்கு நுனி பல்லைத் தொடும்படி எழுப்புவதால் நம் காதுக்கு அது தகரமாகப் படுகிறது. ஆங்கிலேயர் நாக்கைச் சற்று மேலே, பல் ஈறில் வைத்து எழுப்புவதால் அது டகரமாகப் படுகிறது. இதனால் ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொற்கள் இரு வழியாக வந்து தமிழில் இரு வடிவங்களில் தங்கிவிட்டன. கொத்தனார்களுக்குத் தலைவரான 'மேஸ்திரி' போர்த்துக்கீசியர் தந்தது, 'மாஸ்டர்' ஆங்கிலேயர் தந்தது. இலங்கைத் தமிழரின் 'துவாய்' முன்னவர் வழி வந்தது, நம்முடைய 'டவல்' பின்னவர் வழி வந்தது. பிஸ்கோத்தும் பிஸ்கட்டும் அதே வரிசையில் மூன்றாவது இணை.

பெரியவர்கள் வாயில் வரும் சொல்லைக் கேட்டதும் சிரிக்கிற பழக்கம் நம் வீடுகளில் பெருகி வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மேஸ்திரி என்பது மாஸ்டரின் பிழையான உச்சரிப்பு என்று யாரும் சொல்வதில்லையே. இந்த மூன்று இணைகளையும் உங்கள் மகனுக்குச் சொல்லிக் காட்டுங்கள். பிறகு பாட்டியிடம் வேறு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று அவனே கேட்கத் தொடங்குவான்.

பிஸ்கட்டுக்குத் தமிழில் 'ஈரட்டி' என்று ஒரு சொல்லைப் பார்த்தேன். இதன் பொருள் என்ன? பொருத்தமான சொல்தானா?
- வாசகர், தஞ்சாவூர்

மூலச் சொல்லின் பொருளை நன்கு அறிந்தவர் ஆக்கிய சொல் அது. லத்தீனில் 'பிஸ்' என்றால் இருமுறை, 'கோக்துஸ்' என்றால் சமைக்கப்பட்டது. தமிழிலும் 'அடு' என்பதற்குச் சமைத்தல் என்பதே பொருள். அடுப்பு, அடிசில் ஆகியவை அதிலிருந்து பிறந்தவை. காய்ச்சினாலும் என்ற பொருளில் 'அட்டாலும்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆகவே ஈரட்டி என்றால் இருமுறை அடப்பட்டது. ஜெர்மானியரும் இதே வழியில் தங்கள் மொழியிலேயே 'ஸ்வீபாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஸ்வீ' இரண்டைக் குறிக்கும், 'பாக்' சுடுவதைக் குறிக்கும்.

எதற்காக இருமுறை என்றால், கடற்பயணத்திற்காக. ஒருமுறை சுட்ட ரொட்டியின் நடுவில் ஈரம் தங்கியிருப்பதால் சில நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும். அதையே மீண்டும் சூட்டில் வைத்து ஈரத்தை முழுவதும் போக்கிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் பிஸ்கட் அளந்து கொடுத்தார்கள். அது நாம் தேநீருக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புப் பண்டம் அன்று. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட, நனைக்காமல் கடிக்க முடியாத வெறும் வில்லை.

பொருத்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இன்று பொட்டலங்களில் விற்கும் பிஸ்கட்டுகள் ஒரே முறைதான் அடுப்புக்குள் போகின்றன. மாவை மெல்லியதாகத் தட்டுவதாலும், ஆவி வெளியேறுவதற்காக மேற்பரப்பில் துளையிடுவதாலும் இரண்டாம் சூடு தேவைப்படுவதில்லை. ஆகவே பெயருக்கு உண்மையாக நடந்துகொள்ளும் பண்டம் இப்போது ரஸ்க்தான். எங்கள் தெருவில் இருந்த பேக்கரியில் இரவு ரொட்டியெல்லாம் எடுத்து முடித்து விறகு அணைந்த பிறகு, துண்டு போட்ட ரொட்டிகளைத் தட்டில் அடுக்கி, அந்த எஞ்சிய சூட்டிலேயே விடியும்வரை விட்டுவைப்பார்கள். காலையில் தட்டை வெளியே இழுக்கும்போது ரஸ்க்குகள் ஒன்றோடொன்று உரசி ஓட்டுச்சில்லுகளைப் போல ஒலிக்கும். ஈரட்டி என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒலிதான் நினைவுக்கு வருகிறது. அந்த அழகான சொல்லை ரஸ்க்குக்கு வைத்துக்கொண்டு, பிஸ்கட்டை பிஸ்கட் என்றே சொல்லலாம் என்பது என் கருத்து.

அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் உணவகத்தில் காலையில் பிஸ்கட் என்று பட்டியலில் பார்த்து வாங்கினேன். மெத்தென்ற குட்டி பன் ஒன்றின் மேல் வெள்ளைக் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். தவறாகக் கொடுத்துவிட்டார்களா?
- வாசகர், மதுரை

சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில், குறிப்பாக நீங்கள் போயிருந்த தென்மாநிலங்களில், பிஸ்கட் என்பது மாவில் வெண்ணெயை உதிரியாகப் பிசறி, மோரும் பேக்கிங் பவுடரும் சேர்த்து, வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே அடுக்கடுக்காகவும் சுட்டெடுக்கும் சிறு ரொட்டி. மேலே ஊற்றியது இறைச்சி வறுத்த கொழுப்பில் மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. சைவம் உண்பவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

இருமுறை சுடாத, கெட்டியாகவும் இல்லாத பண்டத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? அந்த மாநிலங்களில் முன்பு பிஸ்கட் மாவைக் கட்டையால் அரை மணி நேரத்துக்கும் மேலாக அடித்துப் பதப்படுத்தி, கெட்டியாகச் சுடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் சோடா மாவும் பேக்கிங் பவுடரும் வீடுகளுக்கு வந்ததும் அடிக்கும் வேலை தேவையற்றுப் போனது. பண்டம் மெதுவாக மிருதுவாயிற்று. பெயரை மாற்றுவதற்கு யாருக்கும் காரணம் தோன்றவில்லை.

நாம் பிஸ்கட் என்பதை அவர்கள் 'குக்கி' என்பார்கள். அது டச்சுக்காரர்களின் சொல். அவர்கள் மொழியில் சின்ன கேக் என்று பொருள். நியூயார்க் 1664இல் ஆங்கிலேயர் கைக்கு வருவதற்கு முன் டச்சுக்காரர்களின் குடியேற்றமாக இருந்தது. அவர்கள் ஆட்சி போன பிறகும் அவர்களுடைய தின்பண்டத்தின் பெயர் தங்கிவிட்டது. ஸ்பெயினுக்குப் போனால் இன்னும் குழப்பம்: இதே லத்தீன் சொல்லிலிருந்து வந்த 'பித்கோச்சோ' என்பதைக் கேட்டால் பஞ்சு போன்ற கேக் வரும்.

விமான நிலையச் செய்திகளில் தங்கக் கட்டி என்று எழுதாமல் 'தங்க பிஸ்கட்' என்று எழுதுகிறார்களே, இரண்டும் ஒன்றா?
- வாசகர், திருச்சி

எல்லா பிஸ்கட்டும் கட்டிதான்; எல்லாக் கட்டியும் பிஸ்கட் அன்று. தட்டையாகவும் நீள்சதுரமாகவும், மேலே எழுத்துப் பொறித்ததாகவும், உள்ளங்கைக்குள் அடங்குவதாகவும் இருப்பதையே பிஸ்கட் என்கிறோம். பழைய கடத்தல் செய்திகளில் அடிபட்ட பிஸ்கட் பெரும்பாலும் 10 தோலா எடை கொண்டது. ஒரு தோலா 11.66 கிராம் என்பதால் 10 தோலா 116.64 கிராம், நம் கணக்கில் 14 பவுனுக்கும் சற்று அதிகம். இப்போது 100 கிராம் பிஸ்கட்டுகளும் கடைகளில் விற்கப்படுகின்றன.

1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சாதாரண மக்கள் நகையாக அல்லாமல் கட்டியாகத் தங்கம் வைத்திருக்கக் கூடாது. 1990இல் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை, தங்க பிஸ்கட் என்ற தொடரைக் கேட்டாலே கள்ளக்கடத்தல்தான் நினைவுக்கு வரும். இன்று நகைக்கடையில் ரசீதோடு வாங்குகிறோம். ஒரு சொல்லின் மேல் இருந்த குற்றச் சாயல் ஒரு சட்டம் போனதும் மெல்லக் கரைந்துவிட்டதை என் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டேன். தமிழில் எழுத விரும்புவோருக்கு 'தங்கப் பாளம்' என்ற நல்ல சொல் இருக்கிறது.

பீங்கான் வகுப்பில், மெருகு பூசாமல் முதல் சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தை 'பிஸ்கட்' என்கிறார்கள். ஏன்?
- மாணவி, கும்பகோணம்

ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்ட அந்தப் பாண்டம் உலர்ந்தும், மங்கலாகவும், நுண்துளைகளோடும் இருக்கிறது. நுனிநாக்கால் தொட்டால் ஒட்டிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சுவதை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். கப்பல் பிஸ்கட்டின் தன்மையும் அதுவேதான். இதில் வியப்பு என்னவென்றால், 'இருமுறை சுட்டது' என்ற பெயர் ஒருமுறை மட்டுமே சுட்ட பாண்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மெருகு பூசி இரண்டாம் முறை சூளையில் வைத்து எடுத்ததும் அது பிஸ்கட் என்ற பெயரை இழந்துவிடுகிறது.

தச்சர்களிடமும் ஒரு பிஸ்கட் உண்டு. இரண்டு பலகைகளின் விளிம்பிலும் பிளவு வெட்டி, பசை தடவி, நடுவே செருகும் நீள்வட்ட மரச்சில்லு அது. அழுத்திச் செய்யப்பட்டது ஆதலால் பசையின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பலகைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். 1950களில் சுவிட்சர்லாந்தில் உருவான முறை இது.

கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் உண்மையான வேறுபாடு என்ன? மாவு, சர்க்கரை, வெண்ணெய் என எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறது?
- வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கேள்வி இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பாயத்தின் முன்னாலேயே வந்திருக்கிறது. அங்கே கேக்குக்கு வாட் வரி இல்லை. பிஸ்கட்டுக்கும் இல்லை, ஆனால் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. 'ஜாஃபா கேக்' என்று ஒரு பண்டம்: அடியில் பஞ்சு போன்ற சிறு வட்டம், அதன் மேல் ஆரஞ்சு ஜெல்லி, அதற்கும் மேலே சாக்லேட். அளவிலும் வடிவத்திலும் பிஸ்கட்டைப் போல இருக்கும். கடையில் பிஸ்கட் அடுக்கில்தான் வைப்பார்கள். பெயர் மட்டும் கேக். இது சாக்லேட் பூசிய பிஸ்கட் என்று வரித்துறை சொல்ல, கேக்தான் என்று தயாரிப்பாளர் வாதிட, 1991இல் கேக்தான் என்று தீர்ப்பானது.

பெயர், சேர்மானம், அளவு, உண்ணும் விதம் எனப் பலவற்றையும் தீர்ப்பாயம் ஆராய்ந்தது. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த சான்று, பழசானால் என்ன ஆகும் என்பதுதான். கேக்கைத் திறந்து வைத்தால் இறுகிக் கெட்டியாகும். பிஸ்கட்டைத் திறந்து வைத்தால் இளகி மெத்தென்று ஆகும். ஜாஃபா கேக் கெட்டியானது.

இந்த வேறுபாட்டைத் தமிழ் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது என்று பாருங்கள். பிஸ்கட் நமத்துப் போகும். அப்பளம், முறுக்கு, பொரி ஆகியவையும் நமத்துப் போகும். கேக் நமத்துப் போயிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேக்கும் ரொட்டியும் காய்ந்து போகும். ஈரம் குறைவாக இருப்பது காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும், ஈரம் மிகுந்தது காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கும் என்ற முழு விளக்கமும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் பிஸ்கட் டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டதற்காக அம்மாவிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள் எவரும் அந்தத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டிலும் வரி இந்தப் பெயர்களைப் பிரித்தே பார்த்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பிஸ்கட்டுக்கு 18 விழுக்காடு, ரஸ்க்குக்கு 5 விழுக்காடு, சாதாரண ரொட்டிக்கு வரி இல்லை என்று வைத்தார்கள். இருமுறை சுட்டது என்ற பொருளுக்கு உரிய ரஸ்க் ஒரு பட்டியலிலும், அந்தப் பெயரைச் சுமக்கும் பிஸ்கட் வேறு பட்டியலிலும் எட்டு ஆண்டுகள் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் 5 விழுக்காடுதான்.

சென்னையில் 'பிஸ்கட் போடுகிறான்' என்றும், 'அவனெல்லாம் ஒரு பிஸ்கோத்து' என்றும் பேசுகிறார்களே, இவை எங்கிருந்து வந்தன?
- வாசகர், செங்கல்பட்டு

முதலாவது, காரியம் ஆவதற்காக ஒருவரை இனிக்கப் பேசி வளைப்பதைக் குறிக்கிறது. தெருநாய் பின்னாலேயே வரவேண்டுமானால் ஒரு பிஸ்கட்டை எறிவோம் அல்லவா, அந்தக் காட்சியிலிருந்து வந்தது. சென்னைத் தேநீர்க் கடைகளில் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் 'பொறை'யையும் நாய்க்கு வாங்கிப் போடுவார்கள். வெளியே சாதுவாகவும் உள்ளே கல்லைப் போலவும் இருக்கும் அந்தச் சிறு உருண்டையை, சூடான தேநீரில் முக்கி, ஈரம் நடுவரை போய்ச் சேர்ந்து, ஆனால் உடைந்து விழுவதற்குள் எடுத்து வாயில் போடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். உழைப்பாளிகளின் காலைப் பசியைப் பல தலைமுறைகளாக ஆற்றிவரும் அந்தப் பண்டத்தை நாய்க்கு உரியது என்று மட்டும் பேசுவதை நான் ஏற்கவில்லை.

இரண்டாவதில், பிஸ்கோத்து என்றால் பொருட்படுத்தத் தகாதவர், எளிதில் நொறுங்குபவர் என்று பொருள். மாலுமியின் பல்லை உடைத்த கெட்டிப் பண்டத்தின் பெயர், நம் ஊரில் விரலால் அழுத்தினாலே உதிர்ந்துவிடும் வெண்ணெய் பிஸ்கட்டைப் பார்த்துப் பழகியவர்களின் வாயில் மெலிவுக்கு அடையாளமாகிவிட்டது. இங்கும் கவனியுங்கள்: ஏளனமாகப் பேசும்போது மட்டும் பழைய வடிவம் வருகிறது, கடையில் வாங்கும்போது பிஸ்கட் ஆகிவிடுகிறது. நாகர்கோவில் அம்மையாரின் மாமியாரைக் கூச்சப்பட வைத்ததில் இந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஜவுளிக் கடையில் 'பிஸ்கட் கலர்' என்று கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு நிறத்தை எடுத்துப் போடுகிறார்கள். எதுதான் பிஸ்கட் கலர்?
- வாசகி, ஈரோடு

மேரி பிஸ்கட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் பழுப்பு அன்று, எழுத்துக்கு நடுவே சூடு குறைவாகப் பட்டு வெளிறியிருக்கும் இடத்தின் நிறம்தான் அது. சந்தன நிறத்தைவிட மஞ்சள் குறைந்தும், தந்த நிறத்தைவிட ஒரு மாற்று அடர்ந்தும் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது பையில் ஒரு மேரி பிஸ்கட்டை எடுத்துச் சென்று, கடை விளக்கில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் துணியின் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.